ஒரு கூடை சப்பட்டை

"மாலையக் கீழ வச்சிட்டுத் தள்ளி நில்லுங்க மச்சான்."

பாண்டிதுரை இதைக் கத்திச் சொல்லவில்லை. ஆனால் போட்டோக்காரர் பாட்டை நிறுத்தச் சொல்லியிருந்த நேரம் அது. மண்டபத்தின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தவர் வரைக்கும் கேட்டது.

தை மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் சடங்கு வீடு. மேடையில் வயசுக்கு வந்த அனுசியா பட்டுச் சேலையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய தாய்மாமன் தனுஷ்கோடி. சீர்த்தட்டுகளை மேளத்தோடு கொண்டுவந்து இறக்கிவிட்டு, ரோஜா மாலையை இரண்டு கைகளிலும் ஏந்தி மேடை ஏறியவன். அந்தக் கைகளைத்தான் பாண்டிதுரை பார்த்தான். விரலிடுக்கில் தோல் வெடித்து நீர் கசிந்துகொண்டிருந்தது. முகம் அதைவிட மோசம். கன்னம் தடித்து, இமை வீங்கி, காது மடலில் செதில் செதிலாக உரிந்து கிடந்தது.

"தொத்தாது மாப்ள. பெரியாஸ்பத்திரியில பாத்தாச்சு" என்றான் தனுஷ்கோடி.

"அது இருக்கட்டும். பச்சப்புள்ள மேனி. ஒங்க பெரியப்பா மகன் ராம்கி போடட்டும். அவரும் மாமன் மொறதான?"

தனுஷ்கோடி தன் தங்கச்சி விஜியைப் பார்த்தான். பாண்டிதுரையின் பெண்டாட்டி அவள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். விஜி மகளின் பின்னலில் தைத்திருந்த சடைநாகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

மாலையை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கினான். பின்னால் பாட்டு மறுபடி ஆரம்பித்தது. சாப்பிடாமல் பைக்கை எடுத்தபோது அவன் பெண்டாட்டி ஈஸ்வரி பின்னால் ஏறிக்கொண்டு பொரிந்தாள்.

"அந்த மாலைய அவன் மூஞ்சியில எறிஞ்சிட்டுல்ல வந்திருக்கணும்!"

"எறிஞ்சா அன்னைக்கோட தீந்துபோகும்."

"பின்ன என்ன செய்யப் போறீரு?"

"அவனும் ஒரு மேடையில மாலையோட நிப்பான். அன்னைக்குப் பேசுதேன்."

இந்தப் பாண்டிதுரையைப் பால்கோவா வேலைக்குக் கூட்டிவந்தவனே தனுஷ்கோடிதான். தங்கச்சி மாப்பிள்ளை வேலையில்லாமல் சும்மா திரிகிறானே என்று முதலாளியிடம் சொல்லிப் பால் அளக்கும் இடத்தில் நிறுத்தினான். கடைக்குப் பின்னால் அடுப்புக் கொட்டகை. வரிசையாக அடுப்புகள், அவற்றின் மேல் அகலச் சட்டிகள். பாலும் சீனியும் சுண்டிச் சுண்டித் திரண்டு வருகிற வரைக்கும் துடுப்பை நிறுத்தக் கூடாது. அந்தத் துடுப்பு தனுஷ்கோடி கையில் இருந்தது. கொட்டகையில் மாஸ்டர் என்றால் அவன்தான்.

சடங்கு முடிந்த மறு வாரம் முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவர் கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"வாங்க வர்ற சனம் கொட்டகைக்குள்ள எட்டிப் பாக்குது தனுஷ்கோடி. ஊருக்குள்ள பெருவியாதின்னு ஒரு பேச்சு ஓடுது. நான் நம்பல. ஆனா திங்கிற பொருளு பாரு. மேலுக்கு நல்லானதும் வா."

"பேச்சு எங்கருந்து வந்துச்சு மொதலாளி?"

"ஊர்லருந்து வந்துச்சு."

கொட்டகையில் பாண்டிதுரை துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். துண்டைத் தலையில் மாஸ்டர் கட்டுக் கட்டியிருந்தான். ஊரின் பெயர் என்னவென்று தனுஷ்கோடிக்குத் தெரிந்துபோனது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழித்துக் கொடுக்கும் வேலைக்குப் போனான். பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறுகிறவர்கள் அந்த வழியாகத்தான் போவார்கள். பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். ஆனால் மேல் ஆறத் தொடங்கியது. மாசிக் கடைசியில் முகம் பழைய முகமாகிவிட்டது. மெடிக்கலில் கொடுத்த வெள்ளை மாத்திரையும் களிம்பும் வேலை செய்துவிட்டன என்று நினைத்து முதலாளியிடம் போய் நின்றான். அவரும் இரக்கப்பட்டு மறுபடி அடுப்பில் விட்டார். சாயங்காலம் வரை நன்றாக இருந்தான். அடுத்த நாளும் தெரியவில்லை. அதற்கு அடுத்த நாள் விடியும்போது இமை திறக்க முடியவில்லை. கழுத்திலிருந்து நெற்றி வரை தீயில் வாட்டியதுபோல இருந்தது.

கொட்டகையில் எல்லோர் காதிலும் விழும்படி பாண்டிதுரை சொன்னான்: "பாத்தியளா? ரத்தத்துல இருக்கிறது எங்க போகும்?"

மறுபடி சைக்கிள் ஸ்டாண்டுக்கே போனான். வெளியே இருக்கிறவரை நன்றாக இருக்கிறது. உள்ளே காலை வைத்தால் வருகிறது. அப்படியென்றால் உள்ளே யாரோ எதையோ வைக்கிறார்கள். தனுஷ்கோடி இப்படித்தான் யோசித்தான். யாரோ என்ன யாரோ. துண்டிலோ துடுப்பின் பிடியிலோ பாண்டிதுரை எதையோ தடவுகிறான். செய்வினை என்று ஈஸ்வரி சொன்னாள். தனுஷ்கோடிக்கு அதில் நம்பிக்கையில்லை. செய்வினையை முதலாளி முன்னால் நிரூபிக்க முடியாது. அவனுக்கு வேண்டியது நிரூபணம்.

ராஜபாளையத்தில் தோல் டாக்டர் சத்யப்பிரியா என்று ஒருவர் இருந்தார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று முதுகில் ஒட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள் என்று சைக்கிள் ஸ்டாண்டில் ஒருத்தர் சொன்னார். சித்திரை வெயிலில் பஸ் ஏறிப் போனான்.

டாக்டர் அவன் கையைத் தன் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். உறை போடாத கை. பல மாதங்களில் ஈஸ்வரியைத் தவிர வேறு யாரும் அவனை அப்படித் தொட்டதில்லை. அதில் நெகிழ்ந்துபோகிற நிலைமையில் அவன் இல்லை.

"இது தொழுநோய் இல்ல. தொத்தவும் தொத்தாது. ஏதோ ஒண்ணு உங்க தோலுக்கு ஆகல" என்றார்.

"என்னதுன்னு சொல்லுங்க. யாரு வச்சான்னு நான் பாத்துக்கிடுதேன்."

டாக்டர் சிரித்தார். அந்த வெள்ளை மாத்திரையை நிறுத்தினால்தான் சோதனை சரியாக வரும் என்றார். நிறுத்தினால் அரிப்பு கூடும், பொறுத்துக்கொள்ள வேண்டும். வேலை செய்யும் இடத்தில் கை படுகிற சாமான் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொண்டுவரச் சொன்னார்.

மாத்திரையை நிறுத்தினான். அரிப்பில் சுவரில் முதுகைத் தேய்த்துக்கொண்டே ராத்திரிகளைக் கழித்தான். ஒவ்வொரு தேய்ப்புக்கும் பாண்டிதுரையின் பெயரைச் சொன்னான். குறித்த நாளில் சாமான்களை ஒரு பையில் அடைத்துக்கொண்டு ராஜபாளையம் போனான். சீனி, பால், நெய், பொட்டலம் மடிக்கும் தாள், கை கழுவுகிற சோப்பு, துடுப்பிலிருந்து சீவிய மரத்தூள், தலைத்துண்டின் ஒரு கிழிசல். கடைசியாக ஒரு பவுடர் டப்பா.

"இது நீங்க போடுறதா?" என்றார் டாக்டர்.

"இல்ல. அவன் போடுறது."

"எவன்?"

"எந்தங்கச்சி மாப்பிள்ள. கொட்டகையில மாடத்துல வச்சிருந்தான். எடுத்திட்டு வந்துட்டேன்."

"அவர் போடுற பவுடர் உங்களுக்கு எதுக்குங்க?"

"எம்மேல தூவியிருப்பான் டாக்டர். ஒட்டுங்க. பாத்திருவோம்."

டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. ஆனாலும் ஒட்டினார். சின்னச் சின்ன வட்டங்களில் ஒவ்வொரு சாமானும். இன்னும் உலோகம், ரப்பர், சாயம், வாசனை என்று அவரிடம் இருந்த மருந்துக் குப்பிகளிலிருந்தும் பல. முதுகு முழுக்கப் பிளாஸ்திரி. எடுக்கிற வரை குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது என்றார்.

"சித்திரையில வேர்க்காம எப்பிடி டாக்டர்?"

"ஃபேனுக்குக் கீழ குப்புறப் படுங்க."

படுத்தான். பவுடர் ஒட்டிய வட்டம் இடது தோள்பட்டைக்குக் கீழே என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த இடம் எரிகிறதா எரிகிறதா என்று மனசை அங்கேயே வைத்துக்கொண்டு கிடந்தான். எரிவது போலத்தான் இருந்தது. முதலாளி முன்னால் டப்பாவைப் போட்டு உடைப்பதையும், பாண்டிதுரை காலைப் பிடிப்பதையும் பலவிதமாக நினைத்துப் பார்த்தான்.

பிளாஸ்திரியைப் பிரித்தபோது முதுகு சுத்தமாக இருந்தது. மறுபடி ஒரு தடவை வரச் சொல்லிப் பார்த்தார். அப்போதும் ஒன்றுமில்லை. பால் இல்லை, சோப்பு இல்லை, துண்டு இல்லை.

"பவுடரு?"

"அதுவும் இல்ல. பாவம் அந்த மனுசன்."

"நல்லாப் பாருங்க டாக்டர். லேசாக்கூடவா செவக்கல?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காலைல கொட்டகைக்குள்ள நுழைஞ்சதுல இருந்து என்ன செய்வீங்கன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னான். பால் ஊற்றுவது, சீனி போடுவது, கிண்டுவது, பதம் பார்ப்பது. அவர் நடுவில் நிறுத்தினார்.

"அடுப்புல என்ன எரியுது?"

"அது கீழ உள்ளதுல்லா டாக்டர். சட்டிக்குள்ள விழாது."

"என்ன எரியுதுன்னு கேட்டேன்."

"முந்திரிக்கொட்டை ஓடு. முன்ன புளிய வெறகு எரிச்சோம். இப்ப லாரியில ஓடு வருது. நின்னு எரியும்."

"யார் அள்ளிப் போடுவா?"

"நாந்தான். வெறகுன்னா ஒருக்க செருகிட்டு விட்டிரலாம். ஓட்டுக்குக் கொஞ்சங் கொஞ்சமா போட்டுக்கிட்டே இருக்கணும். ஒரு கை துடுப்பு, ஒரு கை ஓடு."

டாக்டர் பையை எடுத்துக் கவிழ்த்தார். சீனி, பால், நெய், பவுடர் டப்பா. ஊரான் பவுடரைத் திருடிக்கொண்டு வந்தவன் தினமும் கையால் அள்ளுகிற ஓட்டைக் கொண்டுவரவில்லை. சட்டிக்கு மேலே நடப்பதுதான் மாஸ்டர் வேலை, கீழே எரிவது வெறும் தீ. பால்கோவா கிண்டுகிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான்.

"மாம்பழம் தின்னா வாய் எரியுதா?"

இதை எப்படி அறிந்தார் என்று அவன் விழித்தான். "போன வருசம் ஒதடு பொங்குச்சு. சூடுன்னு விட்டுட்டேன்."

அடுத்த தடவை ஓடு கொண்டுபோனான். அதை அப்படியே வைத்தால் எவன் முதுகும் வெந்துவிடும் என்று டாக்டர் மிகமிகக் கொஞ்சமாகக் கரைத்து வைத்தார். பக்கத்தில் மாங்காய்த் தோல் ஒரு துணுக்கு. பிரித்தபோது இரண்டு இடமும் சிவந்து, ஓடு வைத்த இடத்தில் கொப்புளம் கட்டியிருந்தது. டாக்டர் செல்போனில் படம் எடுத்து அவனிடம் காட்டினார்.

"முந்திரி, மாங்கா, சேராங்கொட்டை மூணும் ஒரே குடும்பம். பங்காளிங்க. மூணுலயும் ஒரே மாதிரி பால் இருக்கு. உங்க உடம்பு ஒண்ண எதிரின்னு அடையாளம் கண்டுடுச்சு. இனி மூணு பேரையும் விடாது. ஒரு தடவ அடையாளம் கண்டா மறக்கவும் மறக்காது."

அந்தக் கடைசி வாக்கியம் தனுஷ்கோடிக்குப் பிடித்திருந்தது.

"ஓடு அள்ளுற எல்லாருக்கும் வருமா டாக்டர்?"

"எல்லாருக்கும் வராது. சில பேருக்குப் பழகப் பழக வரும். மொதல்ல விரலிடுக்குல அரிக்கும், இமை தடிக்கும். அந்த மாதிரி ஆளுங்க மாம்பழத்தத் தோலோட கடிச்சா வாயும் முகமும் பொங்கிடும். மத்தவங்க கூடை கூடையா தின்னலாம், ஒண்ணும் ஆகாது."

"தின்னதும் பொங்குமா?"

"உங்க முதுகையே பாத்தீங்களே. ஒரு நாள் ரெண்டு நாள் ஆகும், சில சமயம் மூணு. அதனாலதான் எதனால வந்துச்சுன்னு யாருக்கும் பிடிபடுறதில்ல." பிறகு அவர் களிம்பு எழுதிக் கொடுத்தார். ஓட்டுப் பக்கமே போக வேண்டாம் என்றார். "அங்க வேலை பாக்குற மத்தவங்ககிட்டயும் சொல்லிருங்க. பாவம், அவங்களுக்கும் தெரியாது."

"சொல்லிருதேன் டாக்டர்."

பஸ்ஸில் வரும்போது அவனுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பாண்டிதுரை எதையும் வைக்கவில்லை. அந்த ஒரு குற்றம் கையை விட்டுப் போய்விட்டது. ஆனால் மேடையில் தள்ளி நிற்கச் சொன்னது ஓடு இல்லை. பெருவியாதி என்று ஊதிவிட்டது ஓடு இல்லை. அது பாண்டிதுரையின் வாய்.

மறுநாள் கொட்டகைப் பக்கம் போனான். வாசலில் நின்று பார்த்தான். பாண்டிதுரை ஒரு கையால் துடுப்பைப் போட்டுக்கொண்டே மறு கையால் ஓட்டை அள்ளி எறிந்தான். கருத்த எண்ணெய் பொரிந்து புகை எழுந்தது. பிறகு துடுப்பைக் கை மாற்றிக்கொண்டு விரலிடுக்கைத் தொடையில் வைத்துத் தேய்த்தான். நன்றாகத் தேய்த்தான். தோளால் கண்ணைத் துடைத்தான்.

"என்ன மச்சான், இங்கன?" என்றான்.

"சும்மாதான் மாப்ள. கை என்ன அரிக்கா?"

"சேத்துப்புண்ணு மாதிரி இருக்கு. சூடு."

"சூடுதான். வெளக்கெண்ண தடவும்."

வைகாசியில் ராஜபாளையத்தில் இன்னொரு சடங்கு வந்தது. பாண்டிதுரையின் தங்கச்சி மாரீஸ்வரியின் மகளுக்கு. தாய்மாமன் பாண்டிதுரை. பத்திரிகையில் அவன் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. மாலையோடு அவன் மேடை ஏறுவான். தனுஷ்கோடி பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறினான்.

மகாராஜபுரம் பக்கம் சிவனாண்டி என்று ஒருவர் தோப்பு குத்தகைக்கு எடுத்திருந்தார். சப்பட்டை மாம்பழம் மரத்திலேயே மஞ்சள் கண்டு நின்றது. பறித்ததும் காம்பைக் கிள்ளிக் கவிழ்த்துவைத்து, பால் வடிந்ததும் தண்ணீரில் கழுவித்தான் கூடையில் அடுக்குவார்கள்.

"கழுவ வேண்டாம். காம்பக் கிள்ளி அப்பிடியே அடுக்கும்" என்றான் தனுஷ்கோடி.

"பால் வழிஞ்சு தோலெல்லாம் கறை புடிக்கும்வே."

"பிடிக்கட்டும். அப்பத்தான் இன்னைக்குப் பறிச்ச பழம்னு தெரியும். சீர் குடுக்கிறது."

"சீர் குடுக்கிற மனுசன் கையில பிளாஸ்டிக் பைய மாட்டிக்கிட்டு நிக்கீரு? பழம் என்ன கடிக்கவா செய்யும்?"

"எனக்கு ஆகாது."

"ஆகாத பொருள ஆருக்குக் குடுக்கீரு?"

"ஆகுறவனுக்கு" என்றான்.

கூடைக்குள் பால் வழிந்து தோலில் கோடுகோடாகக் காய்ந்தது. வைக்கோல் போட்டு மூடி, சடங்குக்கு மூன்று நாள் இருக்கையில் தங்கச்சி வீட்டு வாசலில் இறக்கினான். விஜி ஓடிவந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"கோவம் போயிருச்சாண்ணே?"

"மாமன் சீருட்டி. மால போடத்தான் குடுத்து வைக்கல. எம்மருமக பழமாவது தின்னட்டும்."

இதைச் சொன்னதும் விஜி தலை குனிந்துகொண்டாள். சரி, மன்னிப்புக் கேட்டுவிடுவாள், அன்றைக்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது சொல்லிவிடுவாள் என்று கொஞ்ச நேரம் நின்றான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பாண்டிதுரை கட்டிலிலிருந்து எழுந்து வந்தான். கொஞ்சம் கூச்சம், அதைவிட ஆசை. ஒரு பழத்தை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கசக்கினான். காம்புப் பக்கத்தைப் பல்லால் கடித்துத் துப்பினான். வாயை வைத்து உறிஞ்சினான். சாறு தாடையில் வழிந்தது, புறங்கையால் துடைத்து அதே கையால் கண்ணோரம் சொறிந்தான். அடுத்த பழம் எடுத்தான்.

"சப்பட்டைன்னா இதுல்லா மச்சான்! கடையில விக்கான் பாருங்க, மருந்தடிச்ச பழம். த்தூ."

அனுசியா நறுக்கிய துண்டுகளைத் தட்டில் கொண்டுவந்து நீட்டினாள். "மாமா, நீங்க திங்கலயா?"

"டாக்டர் வேண்டான்னுட்டாக தாயி."

"எந்த டாக்டரு?" என்றான் பாண்டிதுரை, வாய் நிறையச் சாறோடு.

"பொறவு சொல்லுதேன் மாப்ள. நீரு தின்னும்."

பொய் இல்லை. பிறகு சொல்வதாகத்தான் இருந்தான். வீட்டுக்கு நடந்துவரும்போது அதைத் தெளிவாக முடிவு செய்துகொண்டான். பாண்டிதுரை ஒரே ஒரு தடவை அந்த மேடையில் நிற்கட்டும். எல்லோர் கண்ணும் அவன் கையைப் பார்க்கட்டும். அவன் மாலையைக் கீழே வைத்துவிட்டு இறங்கட்டும். அதற்குப் பிறகு டாக்டர் பெயரையும் ஓட்டையும் மாங்காயையும் சொல்லிவிடுவது. அதற்கு மேல் அவனிடம் ஒரு பகையும் இல்லை. தான் பட்டதை அவனும் பட்டுவிட்டால் போதும்.

சடங்கன்று தனுஷ்கோடி வெள்ளை வேட்டி உடுத்தி முதல் வரிசையில் உட்கார்ந்தான். மேளம் வாசலில் கேட்டது. தாய்மாமன் சீர் வருகிறது. கூட்டம் விலகியது. பாண்டிதுரை உள்ளே வந்தபோது தனுஷ்கோடிக்கே சற்றுத் திகைப்பாக இருந்தது. உதடு இரண்டும் சுளைபோல வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள். தாடையில் சாறு வழிந்த பாதையிலேயே கொப்புளம் வரிசையாக நின்றது. ஒரு படமாகவே வரைந்து விட்டாற்போல. விஜி அவன் முழங்கையைப் பிடித்து வழி காட்டிக்கொண்டு வந்தாள்.

மேடையேறினான். மாலையைத் தூக்கினான். கூட்டத்தில் கிசுகிசுப்பு. இரண்டு பெண்கள் முந்தானையால் மூக்கை மூடினார்கள். போட்டோக்காரர் கேமராவைக் கொஞ்சம் இறக்கினார்.

தனுஷ்கோடி எழுந்து நின்றான். தை மாதத்திலிருந்து நாக்கில் வைத்திருந்த வார்த்தை.

"மாலையக் கீழ வச்சிட்டுத் தள்ளி நில்லும் மாப்ள. பச்சப்புள்ள மேனி."

பாண்டிதுரை திரும்பினான். அந்தக் கோடுகளுக்குள்ளிருந்து எவ்வளவு தெரிந்ததோ, குரல் தெரிந்திருக்கும். மாலை பிடித்த கை இறங்க ஆரம்பித்தது. இறங்கியது. நாற்காலியைத் தேடியது.

"எவரு அது கீழ வைக்கச் சொன்னது?"

மாரீஸ்வரி. மகளுக்குப் பின்னால் குத்துவிளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தவள் எண்ணெய்க் கையோடு முன்னால் வந்தாள்.

"நீங்க செத்த ஒக்காருங்க அத்தான். எங்கண்ணன் கையால விழுந்தாத்தான் அது மால. தொத்துனா தொத்தட்டும். அவன் சொறியுதப்ப நாங்களும் கூட ஒக்காந்து சொறிஞ்சிக்கிடுதோம்." அண்ணன் கையைப் பிடித்துத் தூக்கினாள். "போடுண்ணே. ஏட்டி, கழுத்தக் காட்டு உங்க மாமாவுக்கு. ஏலே, பாட்டப் போடுங்கலே, எழவு வீடா இது?"

எங்கோ ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாலை விழுந்தது. மாரீஸ்வரி தன் முந்தானையால் அண்ணனின் தாடையைத் துடைத்தாள். அந்தப் பெண் பிள்ளை மாமனின் வீங்கிய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கியது. அவனும் அந்த உதட்டை வைத்துக்கொண்டு சிரித்தான். போட்டோ எடுத்தார்கள். விஜி கணவன் பக்கத்தில் நின்று அழுதுகொண்டே போட்டோவுக்குப் பார்த்தாள்.

தனுஷ்கோடி மட்டும் நின்றுகொண்டிருந்தான். பின்னாலிருந்து யாரோ, "மறைக்குதீரு அண்ணாச்சி, ஒக்காரும்" என்றார்கள்.

அன்று ராத்திரியே கணக்கு தலைகீழாக நின்றது அவனுக்குப் புரிந்தது. பாண்டிதுரை அந்நியன். அவன் சொன்னது ஒரு வார்த்தை. அதைத் தடுக்க அன்றைக்கு மேடையில் ஒருத்தி இருந்தாள். மாரீஸ்வரிக்கு ஆன நேரம்கூட ஆகியிருக்காது. விஜி சடைநாகத்தைத் திருகிக்கொண்டு நின்றாள். இத்தனை மாதமாகத் தப்பான ஆளின் பெயரைச் சொல்லிச் சுவரில் முதுகைத் தேய்த்திருக்கிறான்.

முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. பாண்டிதுரையை இந்த முகத்தோடு அடுப்பில் வைக்க முடியாது. தனுஷ்கோடிக்கு மேல் நல்லாகிவிட்டதே, வரட்டும்.

"புளிய வெறகு போட்டா வாரேன்" என்றான் போய். "ஓட்டுப் பொகையில கோவா வாடை அடிக்கி. வாங்குறவுக சொல்லுதாக."

முதலாளி முணுமுணுத்தார். ஆனால் முகூர்த்த மாதம், ஆர்டர் தலைக்கு மேல் நின்றது. மிச்ச ஓட்டை வண்டியில் ஏற்றிச் செங்கல் சூளைக்கு அனுப்பிவிட்டு, விறகு இறக்கினார். தனுஷ்கோடி கொட்டகையை இரண்டு தடவை கழுவிவிட்டு, துடுப்பை இழைத்துவிட்டு நின்றான். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று, மேலில் ஒரு தடிப்பும் இல்லை. கையைப் பார்த்து யாரும் தள்ளி நிற்கவில்லை. நினைத்ததெல்லாம் கிடைத்துவிட்டது. அப்படியும் சட்டியில் பால் பொங்கும்போதெல்லாம் அந்தச் சடைநாகம் கண்ணில் வந்தது.

ஆனியில் ஒரு நாள் முற்பகல் விஜி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா.

"உள்ள வரலாமாண்ணே?"

"வா. ஒட்டிக்கிடாது."

அவள் அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தாள். பாண்டிதுரைக்குக் கொஞ்சம் ஆறி, மறுபடி கிளம்பிவிட்டதாம். ஊருக்குள் யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. வாய் வெந்து கஞ்சிதான் இறங்குகிறது.

"மாம்பழத்துலதான் வந்திருக்கும்னு மாரீஸ்வரி சொல்லுதா. அவுக நம்பாம மறுபடியும் தின்னாக. நானும் புள்ளையும் தின்னோம், தெருவுக்கே குடுத்தோம், ஒருத்தருக்கும் ஒண்ணும் செய்யலியே?"

"செய்யலைல்ல?"

"இல்லண்ணே. ஒனக்கு வந்ததும் இதுதான? ஒங்க டாக்டரு என்ன சொன்னாக? இவுகள அங்கன கூட்டிட்டுப் போகட்டா?"

பால் சுண்டி விளிம்பிலிருந்து உள்ளே சுருண்டுகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திரளும். அவன் துடுப்பை நிறுத்தாமல் கேட்டான்.

"அனுசியா சடங்கன்னைக்கு நீ எங்கட்டி நின்ன?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் டப்பாவை இறுக்கிக்கொண்டாள். "அங்கனதான் நின்னேன்."

"சடைநாகம் சரியா இருந்துச்சா?"

"அவுக பேசும்போது நான் குறுக்க பேசுனா வீட்டுல என்ன நடக்கும்னு ஒனக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும். மாரீஸ்வரிக்குத் தெரியல பாவம்."

விஜி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சண்டை போட வரவில்லை அவள். டப்பாவின் மூடியைத் திறந்து அவன் பக்கம் நீட்டினாள். உள்ளே கருப்பாகக் களி மாதிரி ஏதோ இருந்தது.

"மலையடிவாரத்துல ஒரு வைத்தியர் குடுத்தாரு. ரத்தஞ் சுத்தமாகுமாம். சேராங்கொட்ட லேகியம். எனக்கு என்னமோ பயமா இருக்கு. ஒனக்கு வந்து நல்லானவன் நீ. நீ சொல்லுண்ணே. குடுக்கட்டா, வேண்டாமா?"

மூன்றாவது பங்காளி. அவனே தேடிப் போகவில்லை. டப்பாவில் அடைத்து வாசலுக்கு வந்து நின்றது.

தனுஷ்கோடி தங்கச்சியின் முகத்தை நேராகப் பார்த்தான். மேடையிலிருந்து அவளைப் பார்த்ததுபோலவே பார்த்தான். அவள் இந்த முறை குனியவில்லை. அவன் சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

"குடு" என்றான். "வெறும் வயித்துல குடு."

அவள் தலையாட்டி மூடியைத் திருகினாள். "சரிண்ணே" என்றாள். கொட்டகையின் நீளம் முழுக்க நடந்து, விறகு அடுக்கைச் சுற்றி, கொடியில் காய்ந்த துண்டை ஒதுக்கிவிட்டு வாசலுக்குப் போனாள். கூப்பிட நேரம் இருந்தது. செருப்பை மாட்டும்போது பட்டை அறுந்திருந்ததால் குனிந்து சரிசெய்துகொண்டு வேறு நின்றாள்.

பால் திரண்டுவிட்டது. இந்தப் பதத்தில் துடுப்பை விட்டால் அடிப்பிடிக்கும். தனுஷ்கோடி சட்டியைப் பார்த்துக் கிண்டிக்கொண்டிருந்தான்.